13 மாதமாகியும் பிள்ளை நடக்கவில்லை: எதைக் கவனிக்க வேண்டும்?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே கவலையோடு படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீடு. பையனுக்கு 13 மாதம். சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கிறான், பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறான், தனியாக ஓர் அடிகூட வைக்கவில்லை. நாத்தனார் மகள் 10 மாதத்திலேயே நடந்தாள் என்று தைப்பூசத்தன்று பத்துமலையில் சொந்தக்காரர்கள் முன்னால் மாமியார் சொல்லிக் காட்டியிருக்கிறார். பேச்சும் இரண்டு மூன்று சத்தத்தோடு நிற்கிறது. நீங்கள் தமிழ், அவன் அப்பா பாதி நேரம் ஆங்கிலம், பகலில் பார்த்துக்கொள்ளும் மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, மலாய். 'பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான், ஒரே மொழியில் பேசுங்கள், தமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் மேலே, வேலைக்குப் போவதால் அவனுடைய முதல் அடியைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்ற வருத்தம்.

நான் அரசாங்கத் தாய் சேய் நல கிளினிக்கில் பல வருடம் தாதியாக இருந்தவள். இதே கேள்வியோடு வந்த அம்மாக்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். கேள்வி பெரும்பாலும் காலைப் பற்றித்தான் இருக்கும். நான் சொல்லப்போவது விரலைப் பற்றி. இருந்தாலும் முதலில் காலைப் பேசி முடித்துவிடலாம், இல்லாவிட்டால் உங்கள் மனம் அங்கேயே நிற்கும்.

நடை விஷயத்தில் இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. அத்தனையும் நல்ல நிலையில் இருந்த பிள்ளைகள்தான், ஒருவர் எட்டாம் மாதம், இன்னொருவர் ஒன்றரை வயதை ஒட்டி. பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கும் அப்படித்தான், 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் முதல் பிறந்தநாள் தாண்டித்தான் நடந்திருக்கிறார்கள். நாத்தனார் மகளும் உங்கள் மகனும் அந்த ஒரே எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். 10 மாதத்தில் நடந்த பிள்ளை 13 மாதத்தில் நிற்கிற பிள்ளையைவிடக் கெட்டிக்காரி என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

தவழவே இல்லை என்று சிலர் தனியாகக் கவலைப்படுவார்கள். அதே ஆய்வில் 4.3 விழுக்காட்டுப் பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில் தவழ்வதையே எடுத்துவிட்டது, யாரையும் பிடிக்காமல் நடப்பதை 18 மாதக் கட்டத்தில் வைத்திருக்கிறது. இன்னும் சில பிள்ளைகள் தவழாமல் உட்கார்ந்தபடியே பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து வீட்டைச் சுற்றி வரும். அவை மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் நடக்கும், விசாரித்தால் குடும்பத்திலேயே இன்னொருவரும் அப்படி இருந்திருப்பார்.

உங்கள் மகன் சோபாவைப் பிடித்துப் பக்கவாட்டில் போகிறானே, அதுதான் நடைக்கு முந்தின படி. ஒரு காலில் உடம்புப் பாரத்தை வாங்கி இன்னொரு காலைத் தூக்கப் பழகுகிறான். இது வந்துவிட்டது என்றால் மீதி வழியில் இருக்கிறது. ஒன்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை, அவன் நிறைமாதத்தில் பிறந்தவனா என்று. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால் அவனை 11 மாதப் பிள்ளையாகத்தான் கணக்கு வைக்க வேண்டும். இரண்டு வயது வரை அப்படித் திருத்திய வயதைத்தான் பார்ப்போம்.

வீட்டில் வாக்கர் இருந்தால் எடுத்துவிடுங்கள். 'சீக்கிரம் நடக்கட்டும்' என்று தாத்தா பாட்டி ஆசையாக வாங்கித் தருவது அது, ஆனால் வேலை செய்வது நேர்மாறாக. அதில் பிள்ளை உட்கார்ந்தபடி கால்விரல் நுனியால் தரையைத் தள்ளுகிறது, தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடியாது, சாயும்போது தன்னைத் தானே நிமிர்த்தப் பழகுவதும் இல்லை. நடையைத் தாமதப்படுத்துவதோடு நிற்காமல், கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டுக்கோ அடுப்படிக்கோ கொண்டுபோய்விடும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். அதற்குப் பதில் வெறுங்காலோடு தரையில் விடுங்கள், சாக்ஸ் வேண்டாம், வழுக்கும். கனமான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொடுத்தால் தள்ளிக்கொண்டே நடப்பான், சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும், பரவாயில்லை, பகல் நேரத்தில் செய்யட்டும். நம் வீடுகளில் பிள்ளையைத் தரையில் விடுவதே அபூர்வம். ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்குப் போகும், அப்புறம் சாரோங் தொட்டில், அப்புறம் மறுபடி இடுப்பு. டைல்ஸ் தரை குளிரும், விழுந்தால் அடிபடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஒரு ரப்பர் பாய் விரித்துவிட்டால் தீர்ந்தது. மக்சிக்கிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள், தொட்டில் தூங்குவதற்கு மட்டும், விழித்திருக்கும் நேரம் தரைக்கு.

சரி, இப்போது விரலுக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எல்ஆர்டி போவது தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை ரயில் போகும்போது நீங்கள் எதுவும் சொல்லாமல் மகனைக் கவனியுங்கள். சத்தம் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்புகிறானா? திரும்பினால், கையை நீட்டுகிறானா? முழுக் கையா, அல்லது மற்ற விரல்களை மடக்கி ஆள்காட்டி விரலை மட்டுமா? நீட்டிவிட்டு அடுத்த நொடி என்ன செய்கிறான்? முக்கியமானது இங்கேதான் இருக்கிறது. ரயிலையே பார்த்துக்கொண்டிருக்கிறானா, இல்லை சட்டென்று உங்கள் முகத்துக்குத் திரும்பி, நீங்களும் பார்த்தீர்களா என்று உறுதிசெய்துகொண்டு, மறுபடி ரயிலைப் பார்க்கிறானா? ரயில், அம்மா முகம், மறுபடி ரயில். ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும் இந்தக் கண்ணோட்டத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் மனத்தில் பாதிப் பாரம் இறங்கிவிடும். அவன் உங்களிடம் ரயிலைக் கேட்கவில்லை, ரயில் அவனுக்கு வேண்டவும் வேண்டாம். தான் கண்டதை நீங்களும் காண வேண்டும் என்று நினைக்கிறான். இன்னொருவருக்கும் ஒரு மனம் இருக்கிறது, அதை என் பக்கம் திருப்ப முடியும் என்று பிள்ளை கண்டுபிடித்த நேரம் அது. பேச்சு முளைப்பது அங்கிருந்துதான்.

சுட்டுவதில் இரண்டு வகை உண்டு. அலமாரி மேலே இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டி 'ம்ம், ம்ம்' என்பது ஒன்று, அது கேட்பது. காக்காவையும் ரயிலையும் காட்டுவது இன்னொன்று, அது பகிர்வது. முதல் வகை ஒரு வயதை ஒட்டி வரத் தொடங்கும், 15 மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும். இரண்டாவது 18 மாதத்துக்குள் தெளிவாக வந்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 13 மாதம்தான், இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே இல்லை என்றால் அழாதீர்கள். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

நம்முடைய முன்னோர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். பிள்ளைத்தமிழ் என்ற பாட்டு வகையில் பிள்ளையின் பருவங்களை மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தோராம் மாதம் வரை இரண்டு இரண்டு மாதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தில் செங்கீரை, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, கை கொட்டுவது. பதினொன்றில் முத்தம். பதின்மூன்றில் வருகை, தளர்நடை நடந்து வருவது. அதற்கு அடுத்து, பதினைந்தில், அம்புலி. நிலாவைக் காட்டி விளையாட வா என்று அழைப்பது. காட்டுவதும், காட்டிய திசையில் பிள்ளை பார்ப்பதும், கூட இருப்பவரோடு சேர்ந்து பார்ப்பதும் தனியாக ஒரு பருவமாக வைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் 'பதின்மூன்றாம் மாதம் நடக்கணும்' என்று சொன்னால் அது எங்கிருந்து வந்ததோ தெரியாது, பாட்டில் வைத்த முறை கெடுவாக வைத்தது இல்லை. அவரிடம் சண்டை போடாதீர்கள். சாயங்காலம் பால்கனியில் பேரனுக்கு நிலாவைக் காட்டச் சொல்லுங்கள், அவரைவிட நன்றாக அந்த வேலையைச் செய்ய ஆள் கிடைக்காது.

விரலையும் காதையும் நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் கிளினிக்கில் பார்த்த பெண்குழந்தை, 10 மாதத்தில் ஓடாத குறையாக நடந்தாள். வீட்டில் ஒரே கொண்டாட்டம். 18 மாத ஊசிக்கு வந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. 'மிஸ்ஸி, இவள் பிடிவாதக்காரி, வேண்டுமென்றே திரும்ப மாட்டாள்' என்று பாட்டி என்னிடம் சிரித்தார், தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கதவை மூடியபோதும் அவள் திரும்பவில்லை. தரை அதிர்ந்தால் மட்டும் திரும்பினாள். பிறந்தபோது காது பரிசோதனை சரியாக இருந்தது என்று அம்மா சொன்னார், அது உண்மைதான், ஆனால் பிறகும் கேட்கும் திறன் குறையலாம். காது மருத்துவரிடம் அனுப்பி, கேட்கவில்லை என்று உறுதியாகி, காதுக்கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தப் பிள்ளை தன் அம்மாவின் குரலுக்குத் திரும்பியதை அந்த அம்மாவே வந்து சொன்னார். சீக்கிரம் நடந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் மற்றதை யாரும் பார்க்கவில்லை. நடை தாமதமானால் ஊரே கேட்கும். காட்டவில்லை, திரும்பவில்லை, கூட விளையாடவில்லை என்பதை வீட்டில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

இப்போது பேச்சு, மூன்று மொழி.

தமிழை நிறுத்தாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமாவதில்லை, பிள்ளை குழம்புவதும் இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பான், நாமும்தான் கலக்கிறோம். எல்லா மொழியிலும் உள்ள சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. உங்களிடம் 'தண்ணி', மக்சிக்கிடம் 'சூசூ', அப்பாவிடம் 'நோ', தாத்தாவிடம் 'தாத்தா', போகும்போது 'டாட்டா' என்றால் அவனுக்கு ஐந்து சொல் இருக்கிறது. தமிழில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும், மலாயில் மட்டும் எண்ணினால் இன்னும் குறைவு. உச்சரிப்பும் சரியாக இருக்க வேண்டியதில்லை. நாயைக் கண்டால் எப்போதும் 'வாவா' என்கிறான், வேறு எதற்கும் சொல்வதில்லை என்றால் அது சொல்தான், கணக்கில் சேருங்கள். மக்சிக்கிடம் ஒரு தாளைக் கொடுத்து அங்கே என்னென்ன சொல்கிறான் என்று எழுதச் சொன்னால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அதே பட்டியல் கிளினிக்குக்கும் உதவும்.

நம் சமூகத்தில் இந்த 'குழம்பிவிடும்' என்ற பேச்சால் தமிழை விட்ட குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்காது. பேச்சு உண்மையிலேயே தாமதமாகும் பிள்ளைக்கும் வீட்டு மொழியைப் பறிப்பது மருந்தாகாது. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் தடுக்காமல் வருகிறதோ, அந்த மொழியில் பேசுவதுதான் பிள்ளைக்குச் சத்து. திக்கித் திக்கிப் பேசும் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசுவதற்கு, தமிழில் நாற்பது பேசுங்கள்.

நாக்கில் வசம்பு சுட்டுத் தடவினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். குழந்தைக்கு அதை உள்ளுக்குக் கொடுத்தால் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோகலாம், பேச்சுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தேனும் ஒரு வயதுக்கு முன் ஒரு துளிகூடக் கூடாது, அடுத்த பிள்ளைக்காவது நினைவில் வையுங்கள். நாக்கின் அடிக்கட்டு, அதாவது நாக்கு அடியில் ஒட்டியிருப்பது, இருந்தாலும் சில எழுத்துகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாமே தவிர, பேச்சே வராமல் செய்யாது.

தொலைக்காட்சியும் போனும்: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், வேலை முடிந்து களைத்து வந்தவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் வாய்க்குள் போவது என்ன என்றே தெரியாமல் சாப்பிடுகிற அந்த இருபது நிமிடம்தான் உங்களுக்கும் அவனுக்கும் இருக்கும் பெரிய பேச்சு நேரம். ஆஸ்ட்ரோ டிவியில் நாடகம் பின்னணியில் ஓடினால்கூட நாம் பிள்ளையிடம் பேசுவது குறைந்துபோகும். அவன் தூங்கின பிறகு பாருங்கள்.

அடுத்தது உங்கள் கடைசிக் கவலை, அதுதான் கேள்வியிலேயே கனமாக இருந்தது. மலேசியாவில் 2023 ஜனவரி 1-இலிருந்து தனியார் துறையிலும் 98 நாள் பிரசவ விடுப்பு வந்திருக்கிறது, அதற்கு முன் 60 நாள்தான். கூடியது நல்லதுதான், ஆனாலும் அது முடியும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் தாண்டியிருக்கும், அவ்வளவே. குப்புற விழுவது, உட்காருவது, நிற்பது, நடப்பது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கோலாலம்பூரில் வேலைக்குப் போகும் எந்த அம்மாவாலும் எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட முடியாது. சில அம்மாக்கள் பிள்ளை பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள், 'நடந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று. வேண்டுமானால் நீங்களும் சொல்லலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. முதல் அடி என்பது ஒரே தடவை நடந்து முடிவதும் இல்லை. இன்று இரண்டடி வைத்து உட்காருவான், நாளைக்கு மறந்ததுபோலத் தவழ்வான், நாலு நாள் கழித்து மறுபடி எழுவான். உங்களைப் பார்த்து, உங்கள் பக்கம், கையை விரித்துக்கொண்டு வரும் அடி நீங்கள் இருக்கும்போதுதான் நடக்கும்.

சாயங்காலம் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். அதற்காக அட்டை, விளையாட்டுச் சாமான், வகுப்பு எதுவும் வாங்க வேண்டாம். அன்றாடம் செய்வதையே கொஞ்சம் நிதானமாகச் செய்தால் போதும். லிப்ட்டில் ஏறியதும் பட்டனை நீங்களே அழுத்திவிடாதீர்கள். அவனைத் தூக்கிக் காட்டி, 'ஆறு எங்கே?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் யாரும் காத்திருப்பதே இல்லை, கேள்வியும் நாமே பதிலும் நாமே. பிள்ளைக்குக் கேட்டதைப் புரிந்து, விரலை மடக்கி, நீட்ட நேரம் வேண்டும். தப்பான பட்டனை அழுத்தினால் நாலாவது மாடியில் கதவு திறந்து மூடட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட்டை எடுத்துக் கையில் கொடுப்பதற்குப் பதில், அவனால் திறக்க முடியாத, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு டப்பாவில் போட்டு அப்படியே கொடுத்துப் பாருங்கள். திருப்புவான், தட்டுவான், கடிப்பான், கடைசியில் உங்கள் கையில் திணித்து முகத்தைப் பார்ப்பான். அப்போது 'திறக்கணுமா? அம்மா திறக்கட்டுமா? திற, திற, திறந்தாச்சு' என்று சொல்லித் திறங்கள். அழவிடும் அளவுக்கு இழுக்க வேண்டாம். சாப்பாட்டில் நாலு பருக்கைச் சோற்றையும் வேகவைத்த கேரட் துண்டையும் தட்டில் போட்டு அவனே பொறுக்கி எடுக்கட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைத் தூக்குவது 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் வருகிற திறமை, அதற்குப் பழக்கம் வேண்டும். தரையெல்லாம் சோறாகும், துடைத்துக்கொள்ளலாம். வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் தட்டுக்கு வரவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

குளிப்பாட்டும்போது கை எங்கே, தொப்பை எங்கே என்று கேளுங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரைச் சொல்லுங்கள், நீங்கள் நினைத்ததன் பெயரை இல்லை. அவன் குழாயைப் பார்க்கும்போது நீங்கள் வாத்து பொம்மையைக் காட்டிப் பேசினால் சொல் ஒட்டாது. அவன் ஒரு சத்தம் போட்டால் அதே சத்தத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு நிறுத்துங்கள், மறுபடி போடுவான். அது உரையாடல்தான்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 12 மாதத்தில் மழலைச் சத்தம் எதுவும் இல்லை, கையாட்டுவதோ கை நீட்டுவதோ இல்லை என்றால் போய்க் கேளுங்கள். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை, இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி இன்னொரு கையை மடக்கியே வைத்திருந்தால் 'வலதுகைக்காரன்' என்று மகிழாதீர்கள், மற்றப் பக்கம் பலவீனமா என்று பார்க்க வேண்டும். உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, இவையும் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வந்த திறமை போவது. சொல்லிக்கொண்டிருந்த சொல்லை விட்டுவிட்டான், டாட்டா காட்டியவன் காட்டுவதில்லை என்றால் வயது எதுவானாலும் அந்த வாரமே போங்கள். 'ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும்', 'அவன் அப்பாவும் மூணு வயசில்தான் பேசினார்' என்பதை எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி ஒரு வருடத்தைப் போக்காதீர்கள். இந்த வயதில் சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்கு நிகரே இல்லை, சந்தேகம் பொய்யானால் நட்டம் ஒரு காலை நேரம்தான்.

பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பையன்களுக்கு நீலம், பெண்பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு. ஊசிப் பக்கத்தை மட்டும்தான் எல்லாரும் திறப்போம். அதில் ஒவ்வொரு வயதுக்கும் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. 18 மாதத்தில் எம்-சாட் என்ற கேள்வித்தாளும் வரும், ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, மற்றப் பிள்ளைகளில் ஆர்வம் காட்டுகிறானா, விரலால் காட்டுகிறானா, எதையாவது கொண்டுவந்து உங்களிடம் காட்டுகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்றெல்லாம் கேட்கும். கிளினிக்கில் கூட்டத்துக்கு நடுவே, பிள்ளை அழுகிற நேரத்தில், அவசரமாக எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள். முன்கூட்டியே வீட்டில் படித்து, ஒரு வாரம் கவனித்து, ஒரு தடவை மட்டும் செய்ததை 'வழக்கமாகச் செய்கிறான்' என்று எழுதாமல், உள்ளது உள்ளபடி குறியுங்கள். 'இல்லை' என்று சில பதில்கள் வந்தால் அது நோயின் பெயர் ஆகாது, மருத்துவர் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். தாதி மருத்துவரிடம் அனுப்புவார், தேவைப்பட்டால் அவர் குழந்தை நல நிபுணருக்கும் காது பரிசோதனைக்கும் எழுதுவார். நிபுணரைப் பார்க்க நாள் கிடைக்கத் தாமதமாகலாம், அதனால்தான் சந்தேகம் வந்ததும் வரிசையில் சேர்ந்துவிடச் சொல்கிறேன்.

உங்களுக்கு அதற்கு முன்பே ஒரு வாய்ப்பு வருகிறது. 15 மாதத்தில் நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகோக்கல் ஊக்க ஊசி போடுவார்கள். அதற்குப் போகும்போது மக்சிக் எழுதிய சொல் பட்டியலையும், ரயில் போகும்போது அவன் என்ன செய்கிறான் என்று போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். கிளினிக்கில் பயத்தில் ஒட்டிக்கொண்டு எதையும் செய்து காட்ட மாட்டான், வீடியோவைப் பார்த்தால் தாதிக்கு நிமிடத்தில் புரிந்துவிடும். அப்போதும் தனியாக நடக்கவில்லை என்றால் அதையும் சொல்லி, காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் என்ன நடக்கிறது என்று முடிந்தால் எழுதுங்கள், முக்கியமாக அந்த ஜன்னல் விஷயத்தை.